இழுக்கும் பலம் வேறு, நிலை வேறு



எஸ்யூவி விளம்பரம் எதை எடுத்தாலும் அதில் ஓர் எண் பெரிதாக நிற்கும். ஆஸ்திரேலியாவில் பெரிய வண்டிகளுக்கு அது 3,500 கிலோ. அமெரிக்காவில் 5,000 பவுண்டு, 7,000 பவுண்டு என்று வண்டிக்கு வண்டி மாறும். பின்னால் இவ்வளவு எடையைக் கட்டி இழுக்கலாம் என்று அதற்குப் பொருள். வாங்குகிறவர் அந்த எண்ணைப் பார்க்கிறார், தம்மிடம் இருக்கும் கேரவனின் எடையைப் பார்க்கிறார், எண்ணுக்குள் அடங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று கிளம்பிவிடுகிறார். அந்தக் கவலை தீரவில்லை என்று சொல்லத்தான் இன்று இங்கே வந்திருக்கிறேன்.

அந்த எண் முக்கியமாக எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சட்டகம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. மேட்டில் ஏறுமா, சூடேறாமல் ஏறுமா, நிறுத்தினால் நிற்குமா என்பவை அதன் கேள்விகள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் டிரெய்லர் நேராக வருமா, இல்லை இடமும் வலமுமாக ஆடத் தொடங்குமா என்பது வேறு கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் சாலையில் எழுதப்படுவதில்லை. வீட்டு வாசலில் சாமான் ஏற்றும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. ஓட்டுநரின் திறமைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

நம் ஊரில் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் கரும்போ நெல்லோ ஏற்றி மெதுவாகப் போவதுதான் கண்முன் வரும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் காருக்குப் பின்னால் கேரவன், படகு, குதிரைப் பெட்டி, சாமான் வண்டி என்று கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போகின்றன. அங்கே வேலை மாறி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நம் பிள்ளைகளும் கட்டில், மெத்தை, புத்தகம் எல்லாவற்றையும் வாடகை டிரெய்லரில் ஏற்றி, எஸ்யூவியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அமெரிக்காவில் இந்த அளவு டிரெய்லருக்குத் தனி உரிமம் கேட்பதில்லை. பிரிட்டனில் 1997 முதல் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள் கனமான டிரெய்லர் இழுக்கத் தனித் தேர்வு ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். தவறான முடிவு என்பது என் கருத்து. பயிற்சி இல்லாமல் புரிந்துகொள்ளக்கூடிய விஷயமல்ல இது. ஏனென்று சொல்கிறேன்.

ஆட்டம் தொடங்கும்போது முதலில் கண்ணாடியில்தான் தெரியும். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் ஒரே அளவாகத் தெரிந்துகொண்டிருந்த டிரெய்லரின் விளிம்பு இடது கண்ணாடியில் சற்றுப் பெரிதாகும். அடுத்த நொடி அங்கே மறைந்து வலது கண்ணாடியில் பெரிதாகும். பிறகு இருக்கை வழியாக உடம்புக்குத் தெரியும்: காரின் பின்பகுதி பக்கவாட்டில் தள்ளப்படுகிறது, திரும்ப இழுக்கப்படுகிறது. ஸ்டியரிங் இலேசாகிவிட்டதாகத் தோன்றும். ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது இடம் போய் வலம் போய்த் திரும்ப, சுமார் ஒன்றரை முதல் இரண்டு நொடி ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடிக்குள் வண்டி 55 மீட்டர் போயிருக்கும். நான்கைந்து ஆட்டத்துக்குள் அது அடங்கிவிடும்; இல்லாவிட்டால் டிரெய்லர் காரையே குறுக்கே திருப்பிப் போட்டுவிடும்.

தொடங்கி வைப்பது அற்பமான காரணமாக இருக்கும். பக்கக்காற்று, சாலையில் ஒரு பள்ளம், அவசரமாகத் தடம் மாறுவது, இல்லையென்றால் முந்திச் செல்லும் ஒரு பெரிய லாரி. லாரி பின்னாலிருந்து நெருங்கும்போது அதன் முகப்பு தள்ளிக்கொண்டு வரும் காற்று முதலில் டிரெய்லரின் வாலைத் தொட்டு அப்பால் தள்ளும். லாரி பக்கத்தில் வந்ததும் இடையிலுள்ள காற்றழுத்தம் குறைந்து டிரெய்லரைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு தள்ளு, ஒரு இழு. ஆட்டம் தொடங்க இது போதும்.

காற்றையும் லாரியையும் நாம் தடுக்க முடியாது. தொடங்கிய ஆட்டம் தணியுமா, வளருமா என்பதே நாம் கவலைப்பட வேண்டியது. அதைத் தீர்மானிப்பது டயர்.

டயர் உருளும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சிறு கோணம் விழுந்தால்தான் டயர் பக்கவாட்டு விசை தரும். ரப்பர் சற்று முறுகி, அந்தக் கோணத்துக்கு ஏற்ற எதிர்ப்பைக் கொடுக்கும். இப்போது டிரெய்லரின் வால் வலப்பக்கம் வீசுகிறது என்று வையுங்கள். அதன் சக்கரம் முன்னோக்கி ஒரு வேகத்திலும், பக்கவாட்டில் ஒரு சிறு வேகத்திலும் நகர்கிறது. இந்த இரண்டின் விகிதம்தான் கோணம். முன்னோக்கிய வேகம் கூடினால், அதே பக்கவாட்டு வீச்சுக்குக் கோணம் குறைகிறது. கோணம் குறைந்தால் வீச்சைத் தடுக்கும் விசை குறைகிறது. ஆகவே ஆட்டத்தைத் தணிக்கும் விசை வேகத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. மிக எளிய கணக்கில் 80லிருந்து 100க்குப் போனால் தணிவு ஐந்தில் ஒரு பங்கு குறையும். 120க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டிரெய்லரை நடுக்கோட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் விசையோ குறைவதில்லை. ஊசலாட்டம் அப்படியே இருக்கும், அதை அடக்குவது மட்டும் மெலிந்துகொண்டே போகும்.

இது கார் ஆடாமல் நேராகப் போகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் கார் ஆடுகிறது. டிரெய்லர் காரின் வாலைத் தள்ள, கார் சற்றே திரும்ப, அந்தத் திருப்பம் கொக்கியைப் பக்கவாட்டில் நகர்த்த, அது டிரெய்லரை மீண்டும் வீச, இரண்டும் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்கின்றன. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தணிவு முழுக்கத் தீர்ந்துபோகும். அதற்கு மேலே ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் சக்தியே ஆட்டத்துக்குத் தீனி. ஒவ்வொரு வண்டி-டிரெய்லர் ஜோடிக்கும் இப்படி ஒரு வேக எல்லை உண்டு. எந்தத் தகட்டிலும் அது அச்சிடப்பட்டிருக்காது. அது நிலையாக இருப்பதும் இல்லை. நேற்று ஏற்றிய பாரத்துக்கு ஓர் எல்லை, இன்று ஏற்றிய பாரத்துக்கு வேறோர் எல்லை. நேற்று 110ல் ஒழுங்காக வந்தது, இன்று 95ல் ஏன் ஆடுகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

அந்த எல்லையை மேலே தள்ளி வைப்பது எப்படி? இங்கே நம் கிராமத்து அறிவைத் துணைக்கு அழைக்கிறேன். கட்டைவண்டியில் பாரம் ஏற்றும் வண்டிக்காரர் முன்பாரமா பின்பாரமா என்று பார்த்துத்தான் மூட்டையை அடுக்குவார். நுகத்தடி மாட்டின் கழுத்தில் அளவாக அழுந்த வேண்டும். பின்பாரமானால் நுகம் மேலே எழும்பி, கழுத்துக்கயிறு மாட்டை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் மாடு தாங்காது. டிரெய்லரிலும் இதே ஏற்பாடுதான். இரண்டு சக்கரம், நடுவில் அச்சு, முன்னால் ஒரு நீண்ட கை. அந்தக் கை காரின் கொக்கியை எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் முன்பாரம். மாடு நடக்கிற வேகத்தில் வால் வீசாது என்பதால் வண்டிக்காரருக்கு மாட்டின் கழுத்து மட்டுமே கவலை. நெடுஞ்சாலையிலோ உயிரே அதில் தொங்குகிறது.

இந்த மேசையைப் பாருங்கள். ஓடும் பட்டை ஒன்று வைத்திருக்கிறோம், உடற்பயிற்சிக் கூடத்தில் இருப்பதுபோலச் சிறியது. அதன்மேல் ஒரு பொம்மைக் கார், பின்னால் ஒரு பொம்மை டிரெய்லர். காரின் முன்பக்கத்தை நூலால் கட்டியிருக்கிறேன், பட்டை ஓடும்போது அது நின்ற இடத்திலேயே ஓடும். டிரெய்லரில் இரண்டு ஈயக்கட்டிகள். இப்போது இரண்டையும் அச்சுக்குச் சற்று முன்னால் வைக்கிறேன். பட்டை ஓடுகிறது. விரலால் டிரெய்லரின் பக்கத்தைத் தட்டுகிறேன். பார்த்தீர்களா, ஒரு ஆட்டம், இரண்டாவது சிறியது, நின்றுவிட்டது. பலமாகத் தட்டுகிறேன், அப்போதும் நின்றுவிடுகிறது. இனி கட்டிகளை அச்சுக்குப் பின்னால் தள்ளுகிறேன். எடை கூடவில்லை, குறையவில்லை, இடம்தான் மாறியது. பட்டையின் வேகமும் அதுவேதான். இலேசாகத் தொடுகிறேன். ஆட்டம் வளர்கிறது, இன்னும் வளர்கிறது, காரையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்துவிட்டது. கடைசியாக ஒன்று. ஒரு கட்டியை டிரெய்லரின் முன்முனையிலும் மற்றொன்றைப் பின்முனையிலும் வைக்கிறேன். முன்பாரம் சரியாகவே இருக்கிறது. தட்டுகிறேன். முதல் தடவை போல் உடனே நிற்கவில்லை. அடங்குகிறது, ஆனால் நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. பட்டையின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் அதுவும் அடங்காது.

மூன்றாவது சோதனைதான் பலருக்குத் தெரியாதது. பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்பீர்கள். ஒரே எடை, மையத்தில் குவிந்திருந்தால் எளிதில் அடங்கும். முனைகளில் பிரிந்திருந்தால், ஒருமுறை சுழலத் தொடங்கியபின் அடக்குவது கடினம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஜோஸ் டார்லிங்கும் அவருடைய குழுவினரும் எடை, அச்சின் இடம், முன்பாரம், நிலைமத் திருப்புத்திறன் ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றக்கூடிய ஒரு டிரெய்லரைக் கட்டி, காருக்குப் பின்னால் இழுத்துச் சோதித்தார்கள். 2009ல் வெளியான அவர்களுடைய ஆய்வு சொன்னது இது: உயர்வேக நிலைத்தன்மையைப் பெரிதும் மாற்றுபவை பாரத்தின் பரவல், முன்பாரம், அச்சின் இடம் ஆகியவை; டிரெய்லரின் மொத்த எடை தன்னளவில் அவ்வளவு பெரிய காரணமில்லை. எடை முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். ஆட்டம் வந்துவிட்டால் கனமான டிரெய்லர்தான் காரை அதிகமாகத் தள்ளும். பிரிட்டனில் கேரவனின் எடை காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புதியவர்களுக்கு அறிவுரை சொல்வது அதனால்தான். அது சட்டமல்ல, நல்ல அறிவுரை. ஆனால் எடையை மட்டும் பார்த்துவிட்டு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் போவது பாதி வேலை.

முன்பாரம் எவ்வளவு இருக்க வேண்டும்? அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு என்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் 10 விழுக்காடு என்பதே வழக்கமான பேச்சு. பிரிட்டனில் 5 முதல் 7 விழுக்காடு என்று சொல்வார்கள். யார் சொல்வது சரி என்று சண்டை போடத் தேவையில்லை. ஐரோப்பியக் கார்களின் கொக்கி தாங்கும் எடை பலவற்றில் 75 முதல் 100 கிலோதான். அங்கே டிரெய்லர் இழுப்பவர்களுக்கு வேக வரம்பும் குறைவு. பிரிட்டனில் பெரிய சாலையில் மணிக்கு 60 மைல், மூன்று தட மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்துக்குள் வரவே கூடாது. ஜெர்மனியில் 80 கிலோமீட்டர். 100 வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு டிரெய்லரின் டயருக்கு ஆறு வயது ஆகியிருக்கக் கூடாது என்பது உள்பட நிபந்தனைகள் உண்டு. குறைந்த வேகத்தில் குறைந்த முன்பாரம் போதும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளை 55 மைலில் நிறுத்தியிருக்கிறது. வேறு பல மாநிலங்களில் அப்படியில்லை, கார் போகும் வேகத்திலேயே டிரெய்லரும் போகலாம். அந்த வேகத்துக்கு ஐரோப்பிய முன்பாரத்தை வைத்துக்கொண்டு போவது அபாயம்.

சரியாக ஏற்றிக்கொண்டு கிளம்பினாலும் வழியில் கணக்கு மாறிவிடும். ஒரு கேரவன், மொத்தம் 1,500 கிலோ, முன்பாரம் 150 கிலோ. கொக்கியிலிருந்து அச்சுக்கு 5 மீட்டர். நல்ல தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருக்கிறது, கழிவுநீர்த் தொட்டி இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது. குளித்து, பாத்திரம் கழுவி, 100 லிட்டர் தண்ணீர் முன்தொட்டியிலிருந்து பின்தொட்டிக்குப் போய்விட்டது. 100 கிலோ மூன்று மீட்டர் பின்னால் நகர்ந்திருக்கிறது. கொக்கியில் அதன் விளைவு, 300ஐ 5ஆல் வகுத்தால் 60 கிலோ. முன்பாரம் 150லிருந்து 90க்கு இறங்கிவிட்டது. 10 விழுக்காடு 6 ஆகிவிட்டது. ஒரு சாமானையும் யாரும் தொடவில்லை. மறுநாள் காலை அதே சாலையில், அதே வேகத்தில் போகும்போது கேரவன் வாலாட்டுகிறது. கிளம்பும் முன் கழிவுநீரை உரிய இடத்தில் கொட்டிவிட்டிருந்தால் பின்பாரம் போயிருக்கும்.

கேரவனின் பின்பக்கத்தில் சைக்கிள் மாட்டும் சட்டம் வைப்பதும் இந்த வகைதான். கூடுதல் சக்கரம், ஜெனரேட்டர், கருவிப்பெட்டி எல்லாம் அங்கே போய்ச் சேரும். மாட்ட வசதியான இடம் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் கிடையாது. முன்பாரத்தையும் குறைக்கிறது, முனையில் பாரத்தையும் சேர்க்கிறது. கனமானவை தரையோடு ஒட்டி, அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னும் இருக்க வேண்டும். மேல் அலமாரியில் மெத்தை விரிப்பும் துணியும் போதும்.

இனி எஸ்யூவிக்கு வருகிறேன். எஸ்யூவி இழுப்பதற்கு ஏற்ற வண்டி என்ற நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. எடை அதிகம், எஞ்சின் பெரிது, பலவற்றில் லாரி போன்ற சட்டகம். ஆனால் அதன் சில குணங்கள் இந்த வேலைக்கு எதிரானவை. கரடுமுரடான தடத்தில் ஓட வேண்டுமென்று உயரமான, மெத்தென்ற பக்கச்சுவர் கொண்ட டயர் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கச்சுவர் நெளிவதால் காரின் வால் பக்கவாட்டில் நகர இடம் கிடைக்கிறது. டிரெய்லர் கட்டும்போது பின்டயர்களுக்குக் கையேட்டில் சொன்ன உயர்ந்த காற்றழுத்தம் வைப்பது ஏனென்று இப்போது புரியும். சஸ்பென்ஷன் மென்மை. புவிஈர்ப்பு மையம் உயரம். தாழ்ந்த கார் சறுக்கிப் போய் நிற்கக்கூடிய இடத்தில் உயரமான வண்டி உருண்டுவிடும். அதுதான் பெரிய வேறுபாடு.

பின் அச்சுக்குப் பின்னால் கொக்கி எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். முன் சொன்ன 150 கிலோ முன்பாரம், பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் உட்கார்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர். அப்போது காரின் முன்சக்கரங்களிலிருந்து சுமார் 64 கிலோ எழும்பிவிடும். பின்சக்கரங்களில் 214 கிலோ ஏறும். திருப்புவது முன்சக்கரம், அதன் பிடி குறைகிறது. கொக்கி எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு நீளமான நெம்புகோல் டிரெய்லரின் கையில் இருக்கிறது. அதை வைத்துத்தான் அது காரைத் திருப்புகிறது. இரண்டு வண்டிகளுக்கு ஒரே இழுவை எண் இருக்கலாம். அச்சுகளுக்கு இடையே தூரம் அதிகமாகவும் கொக்கியின் நீட்சி குறைவாகவும் உள்ள வண்டிதான் நேராகப் போகும்.

முன்சக்கரத்திலிருந்து எழும்பிய எடையைத் திருப்பிக் கொண்டுவர, எடை பகிரும் கொக்கி என்று ஒன்று உண்டு. இரண்டு வில்தண்டுகள் டிரெய்லரின் கையையும் காரின் பின்பகுதியையும் நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் எடையை முன் அச்சுக்கும் கொஞ்சத்தை டிரெய்லர் அச்சுக்கும் அனுப்பும். நல்ல கருவி. ஆனால் முன்பக்கம் முழுவதும் பழைய உயரத்துக்கு வர வேண்டுமென்று தண்டை இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் காரின் பின்சக்கரங்கள் எடை இழக்கும். டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளுவதைத் தாங்க வேண்டியவை அந்தச் சக்கரங்கள்தான். இழந்ததில் பாதியளவு திரும்பினால் போதும் என்று வண்டிக் கையேடுகள் பலவற்றில் எழுதியிருப்பதை மதியுங்கள்.

எஸ்யூவியும் டிரெய்லரும் சேர்ந்த வரலாற்றில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வாடகை டிரெய்லர் என்றாலே நினைவுக்கு வருவது யூ-ஹால் நிறுவனம். 1945ல் தொடங்கியது. 2003 டிசம்பரில் அந்த நிறுவனம், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஓட்டி வருபவர்களுக்கு இனி டிரெய்லர் வாடகைக்குத் தருவதில்லை என்று அறிவித்தது. அப்போது அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற எஸ்யூவி அதுதான். எக்ஸ்ப்ளோரரில் பொருத்தியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே பிய்ந்துபோன 2000ஆம் ஆண்டு விவகாரத்துக்குப் பிறகு அந்த வண்டி கவிழ்ந்த வழக்குகள் குவிந்திருந்தன. வண்டி ஆபத்தானது என்பதால் மறுக்கவில்லை, வழக்குச் செலவு தாங்கவில்லை என்பதே யூ-ஹால் சொன்ன காரணம். 2011 மாடல் முதல் எக்ஸ்ப்ளோரரின் கட்டமைப்பே மாறியது; அந்தப் புதிய வண்டிகளுக்கு 2013ல் தடை நீங்கியது. இடைப்பட்ட ஏறக்குறைய பத்தாண்டு, ஒரு டிரெய்லர் நாட்டின் பிரபலமான எஸ்யூவிக்குப் பின்னால் போகலாமா என்பதை முடிவு செய்தது பொறியியல் அளவீடு அல்ல, நீதிமன்றச் செலவுக் கணக்கு. பொறியாளர் என்ற முறையில் எனக்கு இது வருத்தம் தரும் செய்தி.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். யூ-ஹால் டிரெய்லர்களின் பக்கத்திலேயே முன்பாதியில் அதிக பாரம் ஏற்றச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கு 60 முன்னால், 40 பின்னால். மணிக்கு 55 மைலைத் தாண்டாதீர்கள் என்றும் எழுதியிருக்கிறது. இந்த இரண்டு வரியிலும் நான் இதுவரை சொன்ன இயற்பியலில் பெரும்பகுதி இருக்கிறது. வீடு மாற்றும் அவசரத்தில் அதைப் படிப்பவர்கள் எத்தனை பேர்? முதலில் கைக்கு வருவது மெத்தையும் துணிமூட்டையும், அவை உள்ளே முன்பக்கம் போகின்றன. கடைசியில் வருவது வாஷிங் மெஷின், அது கதவோரம் பின்பக்கம் நிற்கிறது.

முன்பெல்லாம் இழுவை எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல அறிவித்தது. 2008ல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, ஜே2807 என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து ஏறும் 11 மைலுக்கு மேற்பட்ட மலைச்சாலையில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதில் புகழ்பெற்ற சோதனை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதில் உள்ள ஆட்டச் சோதனை. மணிக்கு 62 மைல், அதாவது 100 கிலோமீட்டரில், தணிவு விகிதம் 0.1க்குக் குறையக் கூடாது. இதைச் சாதாரணப் பேச்சில் சொன்னால், ஒவ்வொரு முழு ஆட்டமும் முந்தையதில் ஏறக்குறைய பாதியாகிவிட வேண்டும். இதே விகிதம் 0.02 ஆக இருந்தால் பாதியாவதற்கு ஐந்தாறு ஆட்டம் பிடிக்கும். அதற்குள் 300 மீட்டர் போயிருப்பீர்கள், அடுத்த லாரியும் வந்திருக்கும். நல்ல தரம்தான். ஆனால் சோதனைக்களத்து டிரெய்லரில் பாரம் ஒழுங்காக ஏற்றப்பட்டிருக்கிறது, முன்பாரம் 10 விழுக்காடு இருக்கிறது. உங்கள் டிரெய்லரில் என்ன இருக்கிறது என்பது அந்தத் தரத்துக்குத் தெரியாது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொக்கியின் குண்டை உராய்வுக் கட்டைகளால் இறுக்கிப் பிடிக்கும் நிலைப்படுத்திகள் சிறு ஆட்டங்களைத் தணிக்கும். பெரிய ஆட்டத்தின் சக்தி அவற்றின் உராய்வை மீறிவிடும். காரிலேயே உள்ள மின்னணு ஏற்பாடு இன்னும் திறமையானது. அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லா இலகு வண்டியிலும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு கட்டாயம்; அதன்மேல் பல நிறுவனங்கள் டிரெய்லர் ஆட்டத்தை உணரும் மென்பொருளைச் சேர்த்திருக்கின்றன. ஆட்டத்தின் தாளத்தைக் கண்டுபிடித்து, எஞ்சின் சக்தியைக் குறைத்து, இடது வலது பிரேக்கை மாற்றி மாற்றிப் போட்டு எதிர்விசை கொடுக்கும். ஜெர்மனியின் அல்-கோ போன்ற நிறுவனங்கள் டிரெய்லரிலேயே உணரியைப் பொருத்தி, டிரெய்லர் பிரேக்கைத் தாமாகப் போடும் ஏற்பாடு செய்திருக்கின்றன. இவை உயிர் காக்கும். பணம் இருந்தால் பொருத்துங்கள். இவை இருக்கின்றன என்பதற்காகப் பின்பாரத்தோடு கிளம்பாதீர்கள். டயரின் பிடி தீர்ந்த இடத்தில் மென்பொருளுக்கும் வேலையில்லை.

ஆட்டம் வந்தேவிட்டால் என்ன செய்வது? கைகளுக்குத் தோன்றுவது எதிர்ப்பக்கம் திருப்பு என்பது. அதைச் செய்யாதீர்கள். கண் பார்த்து மூளை முடிவெடுத்துக் கை திருப்ப அரை நொடிக்கு மேல் ஆகும். ஆட்டத்தின் ஒரு வீச்சே ஒரு நொடிக்குள் முடிகிறது. உங்கள் திருத்தம் போய்ச் சேரும்போது டிரெய்லர் திசை மாறியிருக்கும். தணிப்பதற்குப் பதில் தள்ளிவிடுவீர்கள். ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடித்திருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். மிதித்தால் கார் நிற்க, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளிக் கொக்கியில் மடங்கும். டிரெய்லருக்கு மின்பிரேக் இருந்து அதற்கான கைப்பிடி டாஷ்போர்டில் இருந்தால், அதை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னுக்கு இழுத்து, தானே நிமிரும். வேகம் கூட்டினால் நிமிர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. வேகம்தான் தணிவைத் தின்கிறது என்று கண்டோம். வேகத்தைக் கூட்டி அதிலிருந்து தப்ப நினைப்பது தற்கொலை. இறக்கத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பு வேண்டும். டிரெய்லர் காரைத் தள்ளிக்கொண்டு வரும் நேரம் அது. இறக்கம் தொடங்கும் முன்பே, மேட்டின் உச்சியிலேயே, வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். ஆட்டம் அடங்கியதும் அப்படியே பயணத்தைத் தொடராதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பாரத்தையும் டயரையும் கொக்கியையும் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் போனால் அது மறுபடி வரும்.

முன்பாரத்தை அளப்பது கடினமான காரியமல்ல. சமதரையில் டிரெய்லரை நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு அடைகட்டை வையுங்கள். வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசை எடுத்து, அதன்மேல் ஒரு பலகையும் பலகைமேல் உறுதியான மரக்குற்றியும் வைத்து, டிரெய்லரின் கை, காரில் மாட்டும்போது இருக்கும் உயரத்திலேயே குற்றியின்மேல் உட்காரும்படி முன்சக்கர ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். ஜாக்கி தரையை விட்டு எழும்பியதும் தராசு காட்டும் எண்தான் முன்பாரம். தராசின் எல்லையைத் தாண்டும் கனமான டிரெய்லராக இருந்தால், அமெரிக்காவில் நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் எடைமேடை இருக்கிறது. காரை மட்டும் ஒருமுறை, டிரெய்லரோடு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். காரின் அச்சுகளில் கூடியிருக்கும் எடை உங்கள் முன்பாரம். எடை பகிரும் கொக்கி இருந்தால் அந்தத் தண்டுகளைத் தளர்த்திவிட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் உங்கள் பிள்ளையோ, தம்பியோ, மருமகளோ டிரெய்லர் கட்டிக்கொண்டு ஊர் மாறப்போகிறேன் என்று சொன்னால், வண்டி எவ்வளவு இழுக்கும் என்று கேட்காதீர்கள். முன்பாரம் எத்தனை கிலோ என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாவிட்டால், எடை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். வாஷிங் மெஷினை முன்னால் மாற்றச் சொல்லுங்கள். 55 மைலுக்கு மேல் போக வேண்டாமென்று சொல்லுங்கள். கிளம்புவது ஒரு மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை.